குட்டிக் குழந்தைங்களுக்கு வெயின் ஃபைண்டர் வச்சு ஐவி லைன் போடறது எப்படி: முழு வழிகாட்டி

போன மழைக்காலத்துல நைட் டியூட்டில ஒரு அம்மா 9 மாசக் குழந்தையை எங்கிட்ட நீட்டி, "நரம்பே கிடைக்கலைன்னு ரெண்டு ஆஸ்பத்திரில குத்திக் குத்திப் பாத்துட்டாங்க சிஸ்டர், இங்கயாவது ஒரே தடவைல போட்டுடுங்க"ன்னாங்க. ரெண்டு புறங்கையிலயும் பஞ்சு, ஒரு கால்ல பஞ்சு, மணிக்கட்டுல நூல் கட்டுன மாதிரி கொழுகொழுன்னு மடிப்பு, அழுது அழுது குரலே போயிருந்துச்சு. எங்க வார்டுல வெயின் ஃபைண்டர், அதாவது தோலுக்கு அடில இருக்கற நரம்பை ஒளியால காட்டற மெஷின், இருந்துச்சு, ஆனா மூணு குத்து தப்புன அப்புறம்தான் அலமாரியைத் திறந்து அதை எடுப்போம், அதுதான் வழக்கம். அன்னிக்கு நான் முதல்லயே எடுத்தேன், முன்கையோட கட்டைவிரல் பக்கம் வெறும் கண்ணுக்குச் சுத்தமா தெரியாத ஒரு நரம்பு நேரா ஒரு கோடு மாதிரி ஓடுச்சு, விரல் வச்சா மெத்துன்னு இருந்துச்சு, ஒரே குத்துல லைன், அதாவது நரம்பு வழியா மருந்து ஏத்தற குழாய், போயிடுச்சு.

அதுலேர்ந்து நான் பிடிவாதமா சொல்றது ஒண்ணுதான்: மெஷினை முதல் குத்துக்கு முன்னாடி எடுங்க, ஆனா அது காட்டற நரம்பை உங்க விரல் ஒத்துக்கிட்டா மட்டும் குத்துங்க. இந்தப் பதிவு குழந்தைங்க வார்டுல வேலை பாக்கற ஸ்டாஃப் நர்ஸுக்கும், புதுசா வந்திருக்கற சிஆர்ஐ (பயிற்சி) டாக்டருங்களுக்கும். புத்தகத்துல சிரைன்னு இருக்கும், ஆனா நாம ஆஸ்பத்திரில நரம்பு கிடைக்கல, நரம்பு உடைஞ்சிருச்சுன்னுதான் பேசறோம், அதனால இங்கயும் நரம்புன்னே எழுதறேன்.

மெஷின் என்ன பண்ணுது

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அதாவது கிட்டத்தட்ட 700லேர்ந்து 1000 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளியை, தோல் மேல அடிக்குது. தோலும் கொழுப்பும் அந்த ஒளியைச் சிதறடிச்சுத் திருப்பி அனுப்பிடும், ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கும், அதனால நரம்பு இருக்கற எடத்துலேர்ந்து மட்டும் ஒளி கம்மியா திரும்பி வரும், மெஷின் அந்த வித்தியாசத்தைப் பிடிச்சு ஒரு படமா மாத்தி அதே எடத்துல தோல் மேல பச்சையாவோ சிவப்பாவோ வரைஞ்சு காட்டுது. கருப்பா இருக்கற குழந்தைங்களுக்கும் இது நல்லா வேலை செய்யும், ஏன்னா இந்த ஒளியை மெலனின் சாதா வெளிச்சம் அளவுக்கு உறிஞ்சாது. அக்யூவெயின், வெயின்வியூவர் எல்லாம் இந்த வகைதான், விலை கம்மியான கைக்கருவிங்களும் நிறைய வந்தாச்சு, தத்துவம் ஒண்ணுதான்.

ஆனா படம் தட்டையான படம், ஆழம் சொல்லாது. ஒரு மில்லிமீட்டர்ல இருக்கற நரம்பும் ஆறு மில்லிமீட்டர்ல இருக்கற நரம்பும் ரெண்டும் கோடாத்தான் தெரியும், ஆழமா இருந்தா ஒளி சிதறி கொஞ்சம் மங்கலா, அகலமா காட்டும், அவ்ளோதான். கம்பெனிக்காரங்க சொல்ற கணக்கே சுமார் 8லேர்ந்து 10 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும்தான். கோட்டோட அகலத்தைப் பாத்து "பெரிய நரம்பு, 22ஜி போடலாம்"னு (ஜிங்கறது ஊசி சைஸ், நம்பர் கூடக் கூட ஊசி மெலிசு) முடிவு பண்ணிடாதீங்க, அந்த அகலம் நம்பக்கூடியது இல்ல. ஊசி தோலுக்குள்ள போனதும் முனை எங்க இருக்குன்னும் அது காட்டாது. ஏற்கனவே குத்தி ரத்தம் கட்டின எடமும் கருப்பாத்தான் தெரியும், அதை நரம்புன்னு நினைச்சு மறுபடி அங்கயே குத்தறது நான் பாத்திருக்கேன்.

இந்தக் கருவி வச்சா முதல் குத்துலயே லைன் போயிடும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். நெதர்லாந்துல ஆபரேஷனுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேல குழந்தைங்ககிட்ட மூணு விதமான கருவியை வச்சுப் பண்ணுன ஆராய்ச்சி 2013ல வந்துச்சு, நரம்பு நல்லா தெரிஞ்சும் முதல் குத்து ஜெயிக்கறது ஒட்டுமொத்தமா கூடலன்னுதான் முடிவு. நரம்பு கிடைக்கறது கஷ்டம்னு முன்னாடியே தெரியற குழந்தைங்களுக்குத்தான் பிரயோஜனம் இருக்கு, அதோட குத்தற கை பழகியிருக்கணும். என் அனுபவமும் அதேதான், எல்லாக் குழந்தைக்கும் தேவையில்ல.

யாருக்கு எடுக்கணும், யாருக்கு எடுக்கக்கூடாது

நரம்பு கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு முன்னாடியே கணிக்கற டிவா ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, மனசுலயே போட்டுடலாம். டூர்னிகே (நரம்பு நிறைய கைல கட்டற பட்டை) கட்டுன அப்புறமும் நரம்பு கண்ணுக்குத் தெரியலைன்னா 2, விரலுக்குத் தட்டுப்படலைன்னா 2, குழந்தை ஒரு வயசுக்குக் கீழன்னா 3, ஒண்ணு ரெண்டு வயசுன்னா 1, குறைமாசத்துல பிறந்ததுன்னா 3. கூட்டினா 4 இல்ல அதுக்கு மேல வந்தா முதல் குத்து தப்பறதுக்கு பாதிக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். மேல சொன்ன 9 மாசக் குழந்தைக்கு மெஷின் அடிக்கறதுக்கு முன்னாடி 3ம் 2ம் 2ம் சேந்து 7. இப்படி 4 தாண்டற குழந்தைக்கு ஆரம்பத்துலயே மெஷின், கூடவே வார்டுல நல்லா லைன் போடறவங்க யாரோ அவங்களையே கூப்பிடணும். "நான் ஒரு தடவை ட்ரை பண்ணிப் பாக்கறேன்"னு கத்துக்கறதுக்கு இந்தக் குழந்தை இல்ல.

அதுக்கும் முன்னாடி கேக்கவேண்டிய கேள்வி, இந்தக் குழந்தைக்கு லைன் நிஜமாவே வேணுமா? வயித்தால போகுதுன்னு வந்த குழந்தை தவிச்சுத் தண்ணி குடிக்குதுன்னா, ஓரளவு நீர் வத்தின நிலைதான்னா, கிலோவுக்கு 75 மில்லி ஓஆர்எஸ் 4 மணி நேரத்துல ஸ்பூன்ல குடுத்தாப் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அம்மா மடிலயே உக்காந்து குடிச்சுத் தேறிடும். தேவையில்லாத லைனை போடாம விடறதும் நம்ம வேலைதான், டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க.

அதே மாதிரி குழந்தை ஷாக்ல இருக்கு, அதாவது ரத்த ஓட்டம் ரொம்பக் குறைஞ்சிருக்கு, கை கால் சில்லுன்னு இருக்கு, கூப்பிட்டா கண்ணு முழிக்கலைன்னா வெயின் ஃபைண்டர் தேடி அலமாரி சாவியைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க. சுருங்கிப் போன நரம்புல ரத்தமே இல்ல, மெஷின் என்னத்தைக் காட்டும்? ஒண்ணு ரெண்டு குத்துல உடனே கிடைக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எலும்புல ஐஓ (எலும்புக்குள்ளயே போடற ஊசி) போடறதுக்கு டாக்டர் தயாராகணும், நிமிஷம்தான் முக்கியம்.

குழந்தையைத் தயார் பண்றது

பாதி ஜெயம் இங்கதான் இருக்கு, ஆனா நாம இதைத்தான் அவசர அவசரமா முடிக்கறோம்.

மொதல்ல சூடு. ஏசி ரூம்ல குளிர்ல வெடவெடக்கற குழந்தைக்கு நரம்பு சுருங்கித்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியை உங்க மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாத்துட்டு (சுடக்கூடாது, வெதுவெதுன்னுதான்) குழந்தை கையைச் சுத்தி நாலஞ்சு நிமிஷம் வைங்க, கையைக் கீழ தொங்க விடுங்க. மைக்ரோவேவ்ல துணியோ கிளவுஸ்ல தண்ணியோ சூடு பண்ணி வைக்கறதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீங்க, குழந்தைத் தோல் வெந்துடும்.

வலி. அவசரம் இல்லாத லைன்னா மரத்துப்போற க்ரீம், லிக்னோகைன் ப்ரைலோகைன் ரெண்டும் 2.5 சதவீதம் கலந்தது, ஒரு மணி நேரம் முன்னாடி தடவி மேல படலம் ஒட்டிடலாம். அந்தக் க்ரீம் தோலை வெளுக்க வச்சு நரம்பைக் கொஞ்சம் சுருக்கும், அதனால தொடச்சிட்டு ஒரு பத்து நிமிஷம் விட்டு அப்புறம் மெஷின் அடிங்க, உடனே அடிச்சு "நரம்பே இல்ல"ன்னு முடிவு பண்ணாதீங்க. சின்னக் குழந்தைக்கு எவ்வளவு தடவலாம்ங்கறதுக்கு எடை வயசு கணக்கு இருக்கு, டாக்டர் எழுதுன அளவுதான். கைக்குழந்தைக்கு நாக்குல ரெண்டு சொட்டு சுக்ரோஸ் ரெண்டு நிமிஷம் முன்னாடி, இல்லைன்னா அம்மா பால் குடுத்துக்கிட்டே இருக்கட்டும், பால் குடிக்கும்போது குழந்தைக்கு வலி குறையறது நிஜம்.

அம்மாவை வெளிய அனுப்பாதீங்க. எங்க வார்டுல முன்னாடி "அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்க"ன்னுதான் சத்தம் போடுவோம், குழந்தையை டேபிள்ல மல்லாக்கப் படுக்க வச்சு நாலு பேர் அமுக்குவோம். இப்ப அம்மா நாற்காலில உக்காந்து குழந்தையை நெஞ்சோட நெஞ்சா அணைச்சுக்கணும், குழந்தையோட ஒரு கை அம்மா அக்குளுக்குக் கீழ வழியா பின்பக்கம் வரும், நான் பின்னாடி உக்காந்து அந்தக் கையில லைன் போடறேன், குழந்தை ஊசியைப் பாக்கவே பாக்காது. "அம்மா, நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே இருங்க, முடிஞ்சதும் நானே சொல்றேன்"னு சொல்லிடுவேன். ரெண்டு மூணு வயசுப் பசங்களுக்கு மெஷின் வெளிச்சமே பாதி வேலையைப் பாத்துடும், "தம்பி, பாரு, உன் கைக்குள்ள ஆறு ஓடுது, எந்த ஆறு பெருசு சொல்லு"ன்னா அழுகையை மறந்துட்டு விரல் வச்சுக் காட்டுவான்.

ஆளுங்க ரெண்டு பேர் பத்தாது, மூணு பேர் வேணும். ஒருத்தர் குத்த, ஒருத்தர் கையைப் பிடிக்க, ஒருத்தர் மெஷினைப் பிடிக்க. ஸ்டாண்டு இருந்தா மூணாவது ஆள் மிச்சம்.

வெளிச்சத்தைப் பிடிக்கற விதம்

நான் முதல் மூணு நாலு தடவை தப்பு பண்ணுனது இங்கதான், அதனால விலாவாரியா எழுதறேன். எனக்கு மெஷின் பிடிச்ச தங்கச்சி பக்கத்துல நின்னு சாய்வா அடிச்சா, கோடு அழகா தெரிஞ்சுது, கோட்டு மேலயே குத்தினேன், ரத்தம் வரல, உள்ள தேடினேன், நரம்பு உடைஞ்சு வீங்கிருச்சு. குழந்தைக்கு வீணா ஒரு குத்து. என்ன நடந்துச்சுன்னா, கை உருண்டையா இருக்கு, ஒளி சாய்வா விழுந்தா படம் நரம்புக்கு நேர் மேல விழாம ஒரு பக்கமா நகந்து விழும். பெரியவங்களுக்கு ஒரு மில்லிமீட்டர் நகந்தா பரவால்ல, குழந்தை நரம்போட மொத்த அகலமே அவ்ளோதான்.

அதனால மெஷின் நரம்புக்கு நேர் மேல, தோலுக்கு 90 டிகிரில இருக்கணும், உயரம் அந்தந்தக் கருவிக்குச் சொன்ன அளவு, ஒரு சாண் உயரம்னு வச்சுக்கிட்டா பெரும்பாலும் சரியா வரும். சரி பாக்க ஒரு வழி இருக்கு. மெஷினை இடப்பக்கம் வலப்பக்கம் மெல்ல சாய்ச்சுப் பாருங்க, கோடு அங்கயும் இங்கயும் நகரும், ரெண்டு எல்லைக்கும் நடுவுல எங்க நிக்குதோ அங்கதான் நரம்பு. மெஷினோட நடுப்பகுதில நரம்பு விழற மாதிரி வைங்க, ஓரத்துல விழுந்தா அங்கயும் படம் விலகும்.

ரூம் லைட்டைக் குறைங்க, ஜன்னல் திரையை இழுத்து விடுங்க, வெயில் அடிக்கற எடத்துல படம் வெளுத்துப் போயிடும். குத்தறவங்க கை ஒளியை மறைக்காம இருக்க மெஷினைப் பிடிக்கற கை எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரணும். குழந்தை கண்ணுல வெளிச்சம் நேரா படக்கூடாது, முக்கியமா தலைல நரம்பு பாக்கும்போது கண்ணை ஒரு துணியாலயோ அம்மா கையாலயோ மறைச்சுக்கோங்க.

எந்த நரம்பு

டூர்னிகேயை மெல்லக் கட்டுங்க, மணிக்கட்டுல நாடித் துடிப்பு நின்னுடக்கூடாது, ரத்தம் உள்ள வந்தாத்தானே நரம்பு நிறையும். கைக்குழந்தைக்கு உதவிக்கு இருக்கறவங்க விரலாலயே சுத்திப் பிடிச்சாப் போதும்.

இப்ப மெஷின் அடிச்சா, குறிப்பா குட்டிக் குழந்தைக்கு, வலை மாதிரி நிறைய கோடு தெரியும், கண்ணு அலைபாயும். அதுல நான் தேடறது 2 சென்டிமீட்டர் நேரா ஓடற ஒரு துண்டு. ஏன் 2ன்னா, நாம வழக்கமா போடற மஞ்சக் கலர் 24ஜி வென்ஃப்ளான் ஊசியோட கதீட்டர் (ஊசியை எடுத்த அப்புறமும் நரம்புக்குள்ள தங்கற பிளாஸ்டிக் குழாய்) நீளம் 19 மில்லிமீட்டர், அது முழுசா நேரா உள்ள படுக்கணும். வளைஞ்சு போறது, ரெண்டா பிரியற எடத்துக்கு சரியா மேல, மணிக்கட்டு முழங்கை மடிப்பு மேல, இதெல்லாம் போட்டாலும் சீக்கிரம் போயிடும். ரெண்டு நரம்பு சேந்து ஒய் மாதிரி வர்ற எடம் நல்லது, சேர்ற முனைக்குக் கொஞ்சம் கீழலேர்ந்து குத்தினா நரம்பு உருண்டு ஓடாது.

அடுத்து அமுக்கிப் பாக்கற சோதனை, இதை யாரும் விட்டுடாதீங்க. வெளிச்சத்துலயே ஒரு விரலால நரம்பை அமுக்குங்க, இன்னொரு விரலால இதயம் இருக்கற திசைல தடவி விடுங்க, கோடு அழிஞ்சு போகும். கீழ அமுக்கின விரலை எடுத்ததும் சர்ருன்னு மறுபடி கோடு வரைஞ்ச மாதிரி நிறையும். அப்படி நிறைஞ்சா உயிருள்ள நரம்பு. அமுக்கியும் கோடு அழியலைன்னா அது ரத்தக்கட்டு, அடைச்ச நரம்பு, இல்ல தோல்ல இருக்கற ஒரு கறை, தொடாதீங்க. கீழ விரலை எடுக்காமலே வச்சிருந்தா மேலேர்ந்து ரத்தம் திரும்பி ஒரு எடம் வரைக்கும் வந்து நிக்கும், அங்க வால்வு இருக்குன்னு அர்த்தம், கதீட்டர் முனை அங்க போய் முட்டாத மாதிரி எடம் பாத்துக்கோங்க. வில்லியம் ஹார்வி 1628ல ரத்த ஓட்டத்தை நிரூபிச்சுக் காட்டினப்போ பண்ணினது இதே விரல் சோதனைதான், 400 வருஷமாகப் போகுது, இன்னும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அப்புறம் மெஷினை ஆஃப் பண்ணிட்டு கண்ணை மூடி விரலால தொடுங்க. மெத்துன்னு, அமுக்கினா எழும்பி வர்ற மாதிரி இருந்தா மேலாக்க இருக்கு. கோடு தெரிஞ்சுது ஆனா விரலுக்கு ஒண்ணுமே இல்லைன்னா ஆழத்துல இருக்கலாம், இல்ல ரொம்ப மெலிசா இருக்கலாம், வேற எடம் பாருங்க. துடிச்சா அது ஆர்ட்டரி (தமனி), மெஷின்ல ஆர்ட்டரி பெரும்பாலும் தெரியாதுன்னாலும் நெத்திப்பொட்டுப் பக்கம் தலைல போடும்போது துடிப்பு பாக்காம குத்தவே கூடாது.

எடம்னு பாத்தா முன்கையும் புறங்கையும் முதல்ல. குழந்தை எந்தக் கை விரல் சூப்புதுன்னு அம்மாகிட்ட கேட்டு அந்தக் கையை விட்டுடுங்க. நடக்க ஆரம்பிச்ச குழந்தைக்குக் கால் வேண்டாம். நடக்காத குழந்தைக்குக் கணுக்கால் உள்பக்க எலும்புக்கு முன்னாடி ஓடற சஃபீனஸ் நரம்பு எப்பவும் அதே எடத்துல இருக்கும், கொழுகொழு குழந்தைக்கு மெஷின்லகூட மங்கலாத்தான் தெரியும், ஆனா நம்பிப் போகலாம். பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆன கைக்குழந்தைன்னா வலது கையைத் தொடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க.

குத்தறது

குத்தப்போற எடத்துக்கு அடையாளம் வேணும்னா பேனாவால அந்த எடத்துலயே புள்ளி வைக்காதீங்க, ஊசி மூடியோட வாயை லேசா அமுக்கினா வட்டமா ஒரு தடம் விழும், அது ஓரிரு நிமிஷம் நிக்கும். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் வச்சுத் தேய்ச்சு 30 செகண்டாவது தானா காய விடுங்க, ஊதாதீங்க, பஞ்சால துடைக்காதீங்க. 2 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கும் குறைமாசக் குழந்தைக்கும் அதை ஜாக்கிரதையா, உங்க யூனிட் வழக்கப்படி. வெயின் ஃபைண்டரோட பெரிய லாபம் எனக்கு இங்கதான் தெரியுது, சுத்தம் பண்ணின அப்புறம் மறுபடி விரல் வச்சுத் தொடாமலே நரம்பு எங்கன்னு பாக்கலாம். கிளவுஸோட விரல் நுனியைக் கிழிச்சுட்டுத் தொடற பழக்கத்தை இதோட விட்டுடலாம்.

தோலை இழுத்துப் பிடிக்கும்போது மெஷின் ஓடிக்கிட்டிருக்கட்டும். ரொம்ப இழுத்தா கோடு மெலிஞ்சு காணாமப் போறதை நீங்களே பாப்பீங்க, நரம்பு தட்டையாயிடுச்சு, கொஞ்சம் விடுங்க, கோடு திரும்பி வரும். அந்த அளவுதான் சரியான பிடி. இத்தனை வருஷம் நான் எவ்வளவு இறுக்கிப் பிடிச்சு நரம்பை நானே நசுக்கிட்டிருந்தேன்னு மெஷின் வந்த அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

குழந்தைக்கு ஊசி படுத்த மாதிரி போகணும், 10லேர்ந்து 15 டிகிரி, பெவல் (ஊசி முனையோட சரிவா வெட்டுன பக்கம்) மேல பாத்து. கோட்டு மேல நேரா குத்தாம, எங்க நரம்புக்குள்ள நுழையணுமோ அதுக்கு ஒரு சில மில்லிமீட்டர் முன்னாடி தோலைத் துளைச்சு, ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் மெல்ல முன்னாடி போங்க. தோலைத் துளைச்சதும் கண்ணைக் கோட்டுலேர்ந்து எடுத்து ஊசியோட பின்பக்கம் வைங்க. வெளிச்சத்தையே பாத்துக்கிட்டிருந்தா ரத்தம் வந்ததைக் கவனிக்காம விட்டுடுவீங்க, அதுவும் பச்சை வெளிச்சத்துல ரத்தம் சிவப்பா தெரியாது, கருப்பாத்தான் தெரியும், குட்டிக் குழந்தைக்கு வர்றதே ஒரு துளிதான். அதனால தோல் தாண்டினதும் மெஷின் பிடிக்கறவங்களை "லைட்டைத் தள்ளு"ன்னு சொல்லிப் பழகுங்க, சாதா வெளிச்சத்துல ரத்தம் வர்றதைப் பாருங்க.

ரத்தம் வந்ததும் இன்னும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர், ஊசியை இன்னும் தாழ்த்தி, முன்னாடி போங்க, ஏன்னா ஊசி முனை உள்ள இருந்தாலும் கதீட்டர் வாய் இன்னும் வெளியதான் இருக்கும். அப்புறம் ஊசி அசையாம கதீட்டரை மட்டும் தள்ளுங்க. வழுக்கிக்கிட்டுப் போகணும், தடுத்தா முட்டித் தள்ளாதீங்க. கதீட்டர் போற வழில பாதில நின்னுச்சுன்னா வால்வா இருக்கலாம், எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டி மெல்ல சலைன் (உப்புத் தண்ணி) விட்டுக்கிட்டே தள்ளினா சில சமயம் திறக்கும். எந்தக் காரணத்துக்கும் வெளிய எடுத்த ஊசியை மறுபடி கதீட்டருக்குள்ள விடாதீங்க, கதீட்டர் நுனி அறுந்து ரத்தத்தோட போயிடும்.

டூர்னிகேயை எடுங்க. சொல்லத் தேவையில்லைன்னு தோணும், ஆனா போர்வைக்கு அடில டூர்னிகே மறந்து போன சம்பவம் எல்லா ஊர் வார்டுலயும் நடந்திருக்கு, அதனால எடுத்ததும் வாய்விட்டுச் சொல்லுங்க, "டூர்னிகே எடுத்தாச்சு".

உள்ள போயிடுச்சான்னு பாக்கறது

இப்ப மெஷினை மறுபடி கொண்டு வாங்க, இந்த எடத்தைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. வெளிச்சத்துல வச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டு மில்லி சலைனை லைன் வழியா மெல்லத் தள்ளி ஃப்ளஷ் பண்ணுங்க. சலைன் ரத்தத்தைத் தள்ளிக்கிட்டுப் போறப்போ கதீட்டர் முனைலேர்ந்து மேல்பக்கமா கோடு அழிஞ்சுக்கிட்டே போகும், நிறுத்தினா மறுபடி வரும். அழிஞ்சு வந்துச்சுன்னா லைன் நரம்புக்குள்ளதான் இருக்கு. கோடு அப்படியே இருக்கு, சுத்தி தோல் மட்டும் லேசா மேடாகுதுன்னா வெளிய போகுது, எடுத்துடுங்க, "பாக்கலாம், ட்ரிப்ஸ் ஓடட்டும்"னு விடாதீங்க. டெங்குக் குழந்தைங்களுக்கு பிளேட்லெட் கம்மியா இருக்கும், தப்பின எடத்தை நல்லா கூடுதல் நேரம் அமுக்கிப் பிடிச்சுட்டுதான் அடுத்த எடத்துக்குப் போகணும்.

ஒட்டறது: கண்ணாடி மாதிரி தெரியற டிரெஸ்ஸிங் போட்டு, குத்தின எடமும் அதுக்கு மேல தோலும் கண்ணுக்குத் தெரியணும். கை முழுக்க பிளாஸ்டரைச் சுத்தி பந்து மாதிரி பண்ணி வைக்கறது நம்ம ஊர் வழக்கம், குழந்தை பிடுங்கிடும்னு பயம், எனக்கும் அந்தப் பயம் இருக்கு, ஆனா உள்ள வீங்கினா தெரியாமப் போயிடும். மெத்துன்னு ஸ்பிளின்ட் வச்சு, விரல் நுனி அஞ்சும் வெளிய தெரியற மாதிரி, டியூபை ஒரு வளையம் போட்டு ஒட்டி, மேல ஒரு சாக்ஸை மாட்டி விட்டா போதும், சாக்ஸைக் கழட்டி எப்ப வேணாலும் பாக்கலாம்.

கிடைக்கலைன்னா

ஒரு ஆளுக்கு ரெண்டு குத்து, அதுக்கு மேல இல்ல. ரெண்டு பேரும் சேந்து நாலு, அதோட நிறுத்திட்டு வேற வழி யோசிக்கணும். மெஷின்ல ஒண்ணுமே தெரியலைன்னா குழந்தைக்கு நரம்பு இல்லைன்னு அர்த்தம் இல்ல, மெஷின் எட்டற ஆழத்துல இல்லைன்னுதான் அர்த்தம். அப்ப அல்ட்ராசவுண்டு, ஆழமும் காட்டும், ஊசி முனையும் காட்டும், மயக்க டாக்டருங்ககிட்ட இந்தப் பழக்கம் இருக்கும், கூப்பிடுங்க. நீர் வத்தின குழந்தைக்கு லைன் கிடைக்கற வரைக்கும் மூக்குக் குழாய் வழியா ஓஆர்எஸ் ஓட விடலாம், கடுமையா வத்தியிருந்து அரை மணில ஐவி கிடைக்க வழி இல்லைன்னா கிலோவுக்கு மணிக்கு 20 மில்லின்னு அதுக்கும் உலக சுகாதார நிறுவனக் கணக்கு இருக்கு, டாக்டர்கிட்ட நாமளே ஞாபகப்படுத்தலாம்.

குறைமாசக் குழந்தை, பச்சைக் குழந்தைன்னா எனக்கு இந்த மெஷினைவிட உள்ளங்கைக்கு அடில வச்சு ஒளியை ஊடுருவ விடற சிவப்பு எல்இடி லைட்தான் பிடிக்கும், மெல்லிசான கை முழுக்க சிவப்பா ஒளிரும், நரம்பு கருப்புக் கோடா நடுவுல நிக்கும். சூடாகாத எல்இடிதானான்னு உறுதி பண்ணிக்கோங்க, பழைய லைட்டுங்க தோலைச் சுட்டுடும். அந்தக் குழந்தைங்களுக்கு வெயின் ஃபைண்டர் அடிச்சா நூல் நூலா அத்தனை நரம்பும் தெரியும், தெரியறதெல்லாம் 26ஜியைக்கூடத் தாங்காது. முழங்கைலயும் கணுக்கால்லயும் இருக்கற பெரிய நரம்பைக் குத்திக் கெடுத்துடாதீங்க, அந்தக் குழந்தைக்குப் பிக் லைன் (இதயத்துக்குப் பக்கம் வரைக்கும் போற நீளமான லைன்) தேவைப்படும்போது அதுதான் வேணும்.

மெஷினை ஒவ்வொரு குழந்தைக்கும் நடுவுல துடைச்சு, ஷிஃப்ட் முடியும்போது சார்ஜ்ல போட்டு, பூட்டாத எடத்துல வைங்க. புதுசா வந்தவங்க முதல்ல தன் கைலயும் கூட வேலை பாக்கறவங்க கைலயும் அடிச்சுப் பாத்து, சாய்ச்சா கோடு எவ்வளவு நகருது, அமுக்கினா எப்படி அழியுதுன்னு கண்ணுக்குப் பழகிட்டு வாங்க.

லைன் போட்ட நேரம், எடம், சைஸ், எத்தனை குத்து, மெஷின் வச்சதா இல்லையா எல்லாத்தையும் சார்ட்ல எழுதுங்க. ஓடற லைனை மணிக்கு ஒரு தடவை தொட்டு, பாத்து, இன்னொரு கையோட ஒப்பிட்டுப் பாக்கணும், சில்லுன்னு இருக்கா, இறுகியிருக்கா, வெளுத்திருக்கா. ராத்திரி 3 மணிக்கு குழந்தை தூங்குது, எழுப்ப மனசு வராது, அப்பவும் சாக்ஸை மெல்லக் கழட்டி செல்போன் வெளிச்சத்துல பாருங்க, அந்த 9 மாசக் குழந்தைக்கு நான் அப்படித்தான் பாத்தேன், விரல் அஞ்சும் கதகதன்னு இருந்துச்சு, அம்மா தலையைத் தூக்கி "ஓடுதா சிஸ்டர்?"னு கேட்டாங்க, "நல்லா ஓடுதும்மா, தூங்குங்க"ன்னு சொல்லிட்டு சாக்ஸை மாட்டி விட்டேன்.